பிரிண்ட் எடுத்ததும் செத்துப்போகும் முத்திரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

"தம்பி, வாட்ஸ்அப்புல வந்திருக்கு, ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க." ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பஸ் நிலையங்களைச் சுற்றியிருக்கும் கொமியூனிகேஷன் கடைகளில் நாளெல்லாம் கேட்கும் பேச்சு இது. சான்றிதழோ விசா கடிதமோ, கடதாசியாகக் கையில் பிடித்தால்தான் நம் சனத்துக்கு நிம்மதி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை காலமும் கடதாசியைக் காட்டினால்தான் காரியாலயக் கதவு திறந்தது. ஆனால் நாட்டுக்கு நாடு செல்லும் பொது ஆவணங்களின் அத்தாட்சி இப்போது மின்வடிவுக்கு மாறிவருகிறது. அந்த வகை ஆவணத்தைப் பிரிண்ட் எடுத்த கணமே அதிலிருந்த கையொப்பம் செத்துவிடுகிறது. கொடுக்கும் பக்கமும் வாங்கும் பக்கமும் இதைத் தெரிந்துகொள்ளவில்லையென்றால் புதிய முறை மலையகத்துக்கு ஒரு புதிய அலைச்சலாகத்தான் வந்து சேரும்.

அத்தாட்சி என்பது எது என்பதிலேயே குழப்பம் இருக்கிறது. வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் முத்திரை விழுந்துவிட்டால் சான்றிதழில் உள்ளதெல்லாம் சரி என்று அரசாங்கமே சொல்லிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்தக் கையொப்பம் இன்னாருடையது, ஒப்பமிடும்போது அவர் இன்ன பதவியில் இருந்தார், முத்திரை இன்ன காரியாலயத்துடையது. இந்த மூன்றுக்கு மேல் அத்தாட்சி ஒன்றும் சொல்வதில்லை. தகப்பன் பெயர் பிழையாக இருந்தால் பிழையான பெயரின் கீழேதான் முத்திரை விழும்.

கடதாசி முறையில் இந்தச் சோதனையை ஓர் உத்தியோகத்தர் தன் கண்ணால் செய்கிறார். கோப்பிலுள்ள மாதிரிக் கையொப்பத்தையும் சான்றிதழில் உள்ளதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்து, அவருடைய மாதிரிக் கையொப்பம் இன்னும் போய்ச் சேரவில்லையென்றால் அசல் சான்றிதழும் கவுண்டரில் நின்றுவிடும். லெமினேட் செய்த சான்றிதழில் முத்திரை குத்த முடியாது. பிள்ளையின் சான்றிதழ் மழையில் நனையக்கூடாதே என்று காசு கொடுத்து பிளாஸ்டிக் போட்ட தகப்பன், அதற்காகவே இன்னொரு பிரதி எடுக்கத் திரும்பவும் அலையவேண்டும். பல பக்க ஆவணமென்றால் கம்பியைக் கழற்றி ஃபொட்டோ கொப்பி எடுத்துத் திரும்பக் குத்தியிருப்பார்கள். ஒரு ஓட்டைக்கு இரண்டு ஓட்டை இருந்தால் பக்கம் மாற்றப்பட்டதோ என்ற சந்தேகம் வரும்.

இத்தனையும் அத்தாட்சிச் சங்கிலியின் ஒரு கண்ணிக்குத்தான். பிரதேச செயலகத்தில் பிரதி, அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் முத்திரை, அதன்மேல் போகிற நாட்டின் தூதரக முத்திரை என்று சங்கிலி நீளும். அந்தப் பிரிவு இருக்கும் பத்தரமுல்லைக்குப் போகாமல் கண்டிப் பிராந்திய கொன்சியூலர் அலுவலகத்தில் வேலையை முடிக்கலாம் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் பசறையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ கண்டிக்கு வருவதே ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, தின்றுவிடும். தூதரக முத்திரைக்கு எப்படியும் கொழும்புக்குத்தான் போகவேண்டும்.

இந்தச் சங்கிலியை ஒரே கண்ணியாகச் சுருக்கத்தான் 1961 ஒக்டோபர் 5ஆம் திகதிய ஹேக் சமவாயம் வந்தது. 1965 ஜனவரி 24இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சமவாயத்தின்படி, ஆவணம் பிறந்த நாட்டின் அதிகாரபீடம் அப்போஸ்டில் என்ற ஒரே சான்றை ஒட்டினால் போதும். சமவாயத்தில் உள்ள மற்ற நாடு தூதரக முத்திரை கேட்கக்கூடாது. பக்கம் ஒன்பது சென்ரிமீற்றருக்குக் குறையாத ஒரு சதுரம், அதற்குள் பத்து இலக்கமிட்ட விபரங்கள்: நாடு, கையொப்பமிட்டவர், அவரது பதவி, முத்திரை யாருடையது, அப்போஸ்டில் கொடுத்த இடம், திகதி, கொடுத்தவர், இலக்கம், முத்திரை, கையொப்பம். தலைப்பு மட்டும் எந்த நாட்டிலும் பிரெஞ்சு மொழியில்தான் இருக்கும். காலாவதித் திகதி என்று ஒன்று அப்போஸ்டிலுக்குக் கிடையாது. வாங்குகிற காரியாலயம் "ஆறு மாதத்துக்குள் எடுத்த பிறப்புச் சான்றிதழ் வேண்டும்" என்று கேட்டால் அது அந்தக் காரியாலயத்தின் விதி, அப்போஸ்டிலின் விதியல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பி, இரண்டாம் தடவை காசு வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள்.

இந்தியா 2005இலும் பாகிஸ்தான் 2023இலும் பங்களாதேஷ் 2025இலும் இதற்குள் வந்துவிட்டன. நம்மவர் வேலைக்குப் போகும் ஓமான், பஹ்ரைன், சவுதி அரேபியாவும் உள்ளே. இந்தச் சமவாயத்தை ஆக்கிய ஹேக் மாநாடு என்ற சர்வதேச அமைப்பில் இலங்கை 2001 முதல் உறுப்பு நாடு. ஆனாலும் சமவாயத்தில் சேராததால் நம் கடதாசிகளுக்கு இன்னமும் பழைய சங்கிலிதான். அப்போஸ்டில் இரண்டு பக்கமும் சமவாயத்தில் இருந்தால்தான் செல்லும். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தோடு இந்தியாவுக்கு, கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன உறவுகளின் மரணச் சான்றிதழோ வாரிசுச் சான்றிதழோ இங்கே ஒரு காரியத்துக்குத் தேவைப்படும்போது இது இடிக்கும். இந்திய அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு வந்த கடதாசியைக் காட்டி, "அங்கே எல்லாம் முடிச்சாச்சு" என்பார்கள். முடியவில்லை. அந்தக் கடதாசிக்கு நம் தூதரக வழியும் வேண்டும்.

நாளை இலங்கை இணைவுப் பத்திரத்தைக் கொடுத்தாலும் மறுநாளே கதவு திறக்காது. புதிதாகச் சேரும் நாட்டை ஏற்கமாட்டோம் என்று சொல்ல மற்ற நாடுகளுக்கு ஆறு மாதம் உண்டு. அது கழிந்து அறுபதாம் நாளில்தான் சமவாயம் நடைமுறைக்கு வரும். மறுத்த நாட்டோடு பழைய சங்கிலியே தொடரும். இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி மறுத்தது. நம் மூல ஆவணங்களில் மற்றவருக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது இங்கேதான் சோதிக்கப்படும். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறோம்.

இனி மின்வடிவம். ஹேக் மாநாடு 2006இல் தொடங்கிய மின்-அப்போஸ்டில் திட்டத்துக்கு இரண்டு உறுப்புகள். ஒன்று, மின்கையொப்பமிட்ட கோப்பாகவே கொடுக்கப்படும் மின்-அப்போஸ்டில். மற்றது, கொடுத்த அப்போஸ்டில்களை எவரும் இணையத்தில் சரிபார்க்கக்கூடிய மின்பதிவேடு. பேச்சு எழும்போதெல்லாம் முதலாவதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் கணிப்பில் மலையகத்துக்கு உடனே உதவப்போவது இரண்டாவது. அதற்குக் காரணம் அந்தக் கோப்புக்கு நடுவழியில் நேரும் கதிதான்.

மின்கையொப்பம் என்பது கையெழுத்தின் படம் அல்ல. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து ஒரு சாரம் பிழியப்படுகிறது. அந்தச் சாரத்தை அதிகாரபீடம் தன் இரகசியச் சாவியால் பூட்டிக் கோப்புக்குள்ளேயே வைக்கிறது. திறந்து பார்ப்பவரின் மென்பொருள் அதே சாரத்தைத் திரும்பப் பிழிந்து ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் ஒப்பாது. பிரிண்ட் எடுத்தால் கடதாசிக்கு வருவது படம் மட்டும்தான். பூட்டு கோப்போடு பின்னால் நின்றுவிடுகிறது. பிரிண்டைத் திரும்ப ஸ்கான் செய்தால் அது புதிய கோப்பு, பூட்டே இல்லாத கோப்பு. ஃபோனில் ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினாலும் இதே கதைதான். பிரிண்ட் மெனுவில் போய் "பி.டி.எஃப். ஆகச் சேமி" என்று கொடுப்பது இதைவிட மோசம். பார்வைக்கு அதே கோப்புப் போலவே இருக்கும், உள்ளே கையொப்பம் இருக்காது.

நடைமுறையில் அதிகம் கெடுவது கொம்பிரஸ் செய்வதால். விசா விண்ணப்பத் தளங்கள் பல, கோப்பு இத்தனை எம்பிக்கு (மெகாபைட்டுக்கு) மேல் இருக்கக்கூடாது என்று எல்லை வைத்திருக்கும். ஐந்து எம்பி கோப்பு ஏறவில்லையென்றால் கடைத்தம்பி ஓர் இலவச இணையத்தளத்தில் போட்டு ஒரு எம்பியாகக் குறைத்துக் கொடுப்பார். அவர் செய்தது உதவிதான், ஆனால் கையொப்பம் அங்கேயே முறிந்தது. "எல்லா ஆவணங்களையும் ஒரே பி.டி.எஃப். ஆகத் தரவும்" என்று கேட்கும் தளங்களுக்காகப் பல கோப்புகளை ஒன்றாக்கினாலும் முறியும். குறைப்பதென்றால் கையொப்பம் விழுமுன் குறைக்கவேண்டும். மூலத்தை 200 அல்லது 300 டிபிஐயில், வண்ணம் தேவையில்லையென்றால் சாம்பல் நிறத்தில் ஸ்கான் செய்தால் கோப்பு பெருக்காது. ஒப்பமிட்ட பிறகு தொடக்கூடாது. ஒன்றாக்கியே தீரவேண்டுமென்றால் ஒன்றாக்கிய பிரதியையும் ஏற்றி, தொடாத அசல் கோப்பையும் தனியாக அனுப்பி, அப்போஸ்டில் இலக்கத்தையும் திகதியையும் கடிதத்தில் எழுதிவிடவேண்டும்.

அந்த இலக்கமும் திகதியும்தான் பதிவேட்டின் சாவி. கோப்பு முறிந்தாலும், பிரிண்டாகிப் போனாலும், இலக்கம் கடதாசியில் இருக்கும். வாங்கும் உத்தியோகத்தர் கொடுத்த நாட்டின் மின்பதிவேட்டில் அதை அடித்து, அப்படி ஒன்று கொடுக்கப்பட்டதா என்று அரை நிமிடத்தில் பார்க்கலாம். இன்னொரு வசதி, பதிவேடு கடதாசி அப்போஸ்டிலுக்கும் வேலைசெய்யும். மின்-அப்போஸ்டில் கொடுக்கத் தொடங்காத நாடுகூடப் பதிவேட்டை மட்டும் தொடங்கலாம். அப்போஸ்டில் கொடுத்தவற்றுக்குப் பதிவு அல்லது அட்டைக் குறிப்பு வைக்கவேண்டும் என்று சமவாயத்தின் 7ஆம் உறுப்புரை 1961லேயே சொல்லிவிட்டது. மின்பதிவேடு அந்தக் கடமையைப் பெட்டியிலிருந்து திரைக்கு மாற்றுகிறது, அவ்வளவே. அதோடு எல்லோர் கையிலும் ஸ்மார்ட் ஃபோன் இருந்தாலும் இருக்காவிட்டாலும் ஓடக்கூடிய முறை இது. லயத்துக் காம்பராவில் சிக்னல் கிடைக்காத பாட்டிக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. சரிபார்க்கவேண்டியவர் மறுபக்கத்தில் இருக்கும் உத்தியோகத்தர்.

பதிவேட்டை அமைப்பதிலும் பிழைவிட இடமுண்டு. இலக்கங்களை 1001, 1002 என்று வரிசையாகக் கொடுத்து, இலக்கத்தை மட்டும் அடித்தால் விபரம் தெரியும்படி வைத்தால், வேலையில்லாத ஒருவன் ஒரு மாலைக்குள் ஊரிலுள்ளவர்களின் விவாகம், விவாகரத்து, பொலிஸ் அறிக்கை எல்லாவற்றையும் பார்த்துவிடுவான். ஆகவே இலக்கத்தோடு திகதியும், அந்தக் கடதாசியில் மட்டும் அச்சான ஒரு தற்செயல் குறியீடும் சேர்ந்தால்தான் திறக்கவேண்டும். ஆனால் "உண்டு, இல்லை" என்று மட்டும் சொல்லும் பதிவேடும் போதாது. உண்மையான அப்போஸ்டிலைக் கழற்றி வேறொரு சான்றிதழில் ஒட்டினால் அந்தப் பதிவேடு "உண்டு" என்றுதான் சொல்லும். அப்போஸ்டிலின் அடியிலுள்ள ஆவணத்தின் படமோ, ஆகக்குறைந்தது ஆவண வகையும் பெயரின் ஒரு பகுதியுமோ தெரியவேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, எவ்வளவு காட்டுவது, எவ்வளவு மறைப்பது என்று முதலிலேயே தீர்மானிக்கவேண்டிய இடம் இது.

கியூ.ஆர். குறியீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சதுரத்தைக் கண்டதும் நம்பிக்கை வந்துவிடுகிறது. போலிச் சான்றிதழ் அடிப்பவனுக்குப் போலி இணையத்தளம் செய்வது பெரிய வேலையல்ல. அவனுடைய கியூ.ஆர். அவனுடைய தளத்துக்கே கொண்டுபோய்ப் பச்சை நிறத்தில் "சரி" என்று காட்டும். சரிபார்ப்பவர் பதிவேட்டு முகவரியைத் தானே அடித்துப் போகவேண்டும்.

நம் நாட்டுக் காரியாலயங்கள் வாங்கும் பக்கத்திலும் இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. வெளிநாட்டில் இறந்த தொழிலாளியின் மரணச் சான்றிதழ் ஊழியர் சேமலாப நிதிக்கு வேண்டும். அங்கே நடந்த விவாகமும் பிள்ளையின் பிறப்பும் இங்கே காட்டப்படவேண்டும். இவை இனிமேல் கோப்பாகத்தான் வரத்தொடங்கும். வந்ததும் லிகிதர் அதைப் பிரிண்ட் எடுத்துக் கோப்பில் குத்தினால் அத்தாட்சி அங்கேயே முடிந்தது. செய்யவேண்டியது கடினமான காரியமல்ல. வந்த கோப்பை வந்தபடியே சேமிக்கவேண்டும். பிரவுசரிலோ ஃபோனிலோ அல்லாமல் கணினியில் அடோபி ரீடர் போன்ற மென்பொருளில் திறக்கவேண்டும். பிரவுசர்கள் பெரும்பாலும் கையொப்பத்தைச் சோதிக்காமலே பக்கத்தைக் காட்டிவிடும். ரீடரில் மூன்று அடையாளங்களில் ஒன்று தெரியும். பச்சைச் சரி என்றால் கோப்பு மாறவில்லை, ஒப்பமிட்டவரும் அறிந்தவர். மஞ்சள் முக்கோணம் வந்தால் பலர் போலி என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதன் அர்த்தம், அந்த நாட்டின் சான்றளிப்பு நிறுவனத்தை நம் கணினி இன்னும் அறியவில்லை என்பதுதான். அப்போது பதிவேட்டைப் பார்க்கவேண்டும். சிவப்புக் குறுக்குக் கோடு என்றால் கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது. அதுவும் மோசடி என்று அர்த்தமல்ல, வழியில் யாரோ கொம்பிரஸ் செய்திருக்கலாம். அசலைத் திரும்ப அனுப்பச் சொன்னால் விஷயம் தெளிந்துவிடும்.

சில நாடுகள் அடி ஆவணத்தை அப்போஸ்டில் கோப்புக்குள் இணைப்பாக வைத்து அனுப்பும். பக்கவாட்டில் ஒரு பேப்பர் கிளிப் அடையாளம் இருக்கும். அதை அழுத்தாதவர், முன்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு "சான்றிதழ் எங்கே?" என்று கேட்பார். பிரிண்டில் அந்த இணைப்பு வரவே வராது. எல்லாம் பார்த்தபின் "இன்ன திகதியில் பதிவேட்டில் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி ஒப்பமிட்டால், ஐந்து வருடம் கழித்துக் கணக்காய்வுக்கு வருபவருக்கும் பதில் இருக்கும். ஏனென்றால் கையொப்பச் சான்றிதழ்களுக்கு ஆயுள் குறைவு, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வருடம். ஒப்பமிடும்போதே நேர முத்திரையும் அன்றைய செல்லுபடி விபரமும் உள்ளே வைக்கப்படாத கோப்பு, பிறகு திறக்கும்போது "சரிபார்க்க முடியவில்லை" என்றே சொல்லும்.

இனி மூல ஆவணத்துக்கு வருவோம். மலையகத்தின் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

பிரித்தானிய வெளியுறவு அமைச்சு 2021 டிசம்பரிலிருந்து மின்-அப்போஸ்டில் கொடுக்கிறது. ஆனால் பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு அங்கேயும் கடதாசி அப்போஸ்டில்தான். பட்டச் சான்றிதழ் போன்றவற்றுக்குக்கூட முதலில் ஒரு சொலிசிட்டரோ நொத்தாரிசோ ஸ்கான் பிரதியில் மின்கையொப்பம் இடவேண்டும். அப்போது அப்போஸ்டில் அத்தாட்சிப்படுத்துவது அந்த நொத்தாரிசின் கையொப்பத்தை. பல்கலைக்கழகத்தின் கையொப்பத்தை அல்ல. இதைக் கவனிக்காமல் "பட்டம் அரசாங்கத்தால் உறுதிசெய்யப்பட்டது" என்று வாசிப்பது பிழை. மூலம் கடதாசியாகப் பிறந்தால் மின் முத்திரை ஒரு சுற்றுவழிதான். மூலமே பதிவாளரின் மின்கையொப்பத்தோடு பிறந்தால்தான் மாதிரிக் கையொப்பத்தைக் கண்ணால் ஒப்பிடும் வேலை ஒழியும். மேலதிக மாவட்டப் பதிவாளர் மாற்றலாகிப் போனாலும் சிக்கல் வராது. ஒருவரின் சாவியை அன்றே நிறுத்தி மற்றவருக்குப் புதியதைக் கொடுக்கலாம். சட்ட அடித்தளம் புதிதல்ல. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் இருக்கிறது, 2017இல் திருத்தப்பட்டும் இருக்கிறது.

ஆனால் மூலத்தில் எழுதியிருப்பது என்ன? ஒரு காலத்தில் தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் விபரம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் பதிவாளரிடம் போனது. கிளாக்கர் காதில் விழுந்தது எழுத்தானது. லெட்சுமி என்ற ஒரே பெயர் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் எல்.ஈ.ரி.சீ.எச். என்று தொடங்கும், அடையாள அட்டையில் ரி விடுபட்டிருக்கும், கடவுச்சீட்டில் எல்.ஏ.கே.எஸ்.எச். என்றிருக்கும். பதிவு சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் இன்னொரு சறுக்கல். சிங்கள எழுத்தில் ழகரம் இல்லை. யாழினி சிங்களத்துக்குப் போய் லகரமோ ளகரமோ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது வேறு ஆளாகிவிடுகிறாள். கடதாசிக் காலத்தில் இந்த வித்தியாசங்களுக்குச் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, "இருவரும் ஒருவரே" என்று ஒட்டிவிடுவோம். மறுபக்கத்தில் ஒரு மனிதர் வாசித்துத் தலையாட்டினார். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்குத் தலையாட்டத் தெரியாது.

ஆகவே மின்வடிவுக்குப் போகுமுன் மொழிபெயர்ப்புப் படிவத்தில் "கடவுச்சீட்டில் உள்ளபடி" என்று ஒரு கட்டம் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தன் எழுத்துக்கூட்டலைப் போடட்டும், பக்கத்திலே கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலும் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் மின்கையொப்பம் கொடுக்கவேண்டும். மூலம் கோப்பாக வந்து, மொழிபெயர்ப்பு மட்டும் ரப்பர் முத்திரை குத்திய கடதாசியாக வந்தால் சங்கிலி நடுவிலே அறுந்துவிடும். திரும்பவும் ஸ்கான், திரும்பவும் நொத்தாரிசு. இதைத் திட்டம் போடுபவர்கள் கடைசியாக நினைப்பார்கள் என்பது எங்கள் பயம். கொழும்பில் ஆங்கிலத்தில் சான்றிதழ் எடுப்பவருக்கு இந்தப் படியே இல்லை, அதனால் கண்ணில் படுவதில்லை.

பிறப்பே பதியப்படாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு காலம் தள்ளும் மூத்தவர்களும் தோட்டங்களில் இருக்கிறார்கள். அது பிறப்புப் பதிவு அல்ல. வெளிநாட்டு அதிகாரி அதைப் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஏற்பார் என்று நம்பிப் பயணச்சீட்டு வாங்கக்கூடாது. முடிந்தவர்கள் காலங்கடந்த பதிவை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. பதிவேட்டில் ஒரு வரி இருப்பதன் மதிப்பு மலையகத்துக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு அவற்றிலிருந்த கடதாசிகளும் புதைந்தன. பதிவேட்டில் வரி இருந்தவருக்குப் பிரதி எடுக்க வழியிருந்தது.

ஒன்று மட்டும் மின்வடிவுக்கு வராது, இப்போதைக்கு. அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதையும் மரணசாசனத்தையும் காணி விற்பனை ஒப்பந்தத்தையும் வெளியே வைத்திருக்கிறது. டுபாயில் இருக்கும் மகன் ஏழு பேர்ச் காணி விஷயமாகத் தகப்பனுக்கு அற்றோணி கொடுப்பதென்றால் கடதாசி அசல்தான் வந்து சேரவேண்டும். அங்கேயுள்ள நம் தூதரகத்தில் ஒப்பமிட்ட ஆவணத்துக்கு அப்போஸ்டிலும் பொருந்தாது. தூதரக அதிகாரிகள் ஆக்கிய ஆவணங்களைச் சமவாயத்தின் 1ஆம் உறுப்புரையே விலக்கிவைக்கிறது. "அற்றோணியை ஈமெயிலில் எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் காசைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

வெளிநாட்டலுவல்கள் அமைச்சிடமும் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடமும் நாங்கள் கேட்பது இதுதான். சமவாயத்தில் சேரும் திகதிக்காகக் காத்திராமல், இப்போது குத்தும் கடதாசி முத்திரைகளுக்கே எவரும் சரிபார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு ஒன்றைத் திறவுங்கள். அதன் பக்கம் தமிழிலும் இருக்கட்டும். மாதிரிக் கையொப்பங்களை மின்வடிவில் வாங்கி, மாற்றல் நடந்த அன்றே புதுப்பியுங்கள். வாங்கும் கவுண்டர்களுக்குச் சுற்றறிக்கை ஒன்று அனுப்புங்கள்: வந்த கோப்பை வந்தபடி வைப்பது, சரிபார்த்ததை எழுதி ஒப்பமிடுவது, மஞ்சள் முக்கோணத்தைக் கண்டு ஆளைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது. பிரதேச செயலகங்களில் இதற்கென்று ஒரு கணினி போதும்.

கொமியூனிகேஷன் கடைத்தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள். கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் படமாக அல்ல, டொகியூமென்டாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். டொகியூமென்டாக அனுப்பினால் கோப்பு மாறாது. பிரிண்ட் கேட்டால் எடுத்துக் கொடுங்கள், ஆனால் வந்த கோப்பை அவருடைய ஈமெயிலுக்கே ஒரு தடவை அனுப்பிவைத்துவிட்டு எடுங்கள். கொம்பிரஸ் பண்ணச் சொன்னால், "இதில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கா?" என்று முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆவண மொழிபெயர்ப்பிலும் நொத்தாரிசு வேலையிலும் ஈடுபட்டுள்ள சிலர்,
ஹட்டன் – பண்டாரவளை.